ஆயிரம் ரூபாய்ப் பட்டு

அன்புள்ள கண்ணு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரத்தைப் பார்த்தேன். வாங்காதே. வெறுமனே வாங்காதே என்றால் நீ கேட்கிற பெண்ணில்லை. கேட்கவும் வேண்டாம், காரணத்தைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்.

உன் அப்பா அம்மாவின் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு, அவர்களுக்குத் தெரியாமல் புடவை எடுக்க வேண்டும் என்று டியூஷன் காசைச் சேர்த்து வைத்திருக்கிறாய். அந்தக் காசு எவனோ ஒருவனிடம் போய்ச் சேரக்கூடாது. இவ்வளவு நீளமாக எழுதுவது அதற்காகத்தான்.

முதலில் விலையைப் பார்ப்போம். "அசல் ஆரணிப் பட்டு, 11,999 ரூபாய், இன்று மட்டும் 999" என்கிறது விளம்பரம். நெசவாளர் கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதியே தலை நரைத்தவன் நான். கச்சாப் பட்டு நூல் கிலோ நாலாயிரத்தைத் தாண்டிச் சில வருஷமாகிறது. அதைக் காய்ச்சிப் பசை எடுக்கும்போது கிலோவுக்குக் கால் கிலோ வரை எடை போய்விடும். புடவைக்கு நானூறு கிராம் பட்டு என்று குறைத்தே வைத்துக்கொள், அரைக் கிலோவுக்கு மேல் கச்சா நூல் வேண்டும். ஆக நூலுக்கு மட்டுமே இரண்டாயிரம் ஆயிற்று. முறுக்குக் கூலி, சாயக் கூலி, பாவு ஓட்டுகிற கூலி, ஜரிகை, தறியில் நாள்கணக்கில் உட்கார்கிறவரின் கூலி எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. கடைக்காரர் நஷ்டத்துக்கு விற்பது உண்டு. தேங்கிப்போன சரக்கை அடக்க விலைக்குக் கீழே தள்ளிவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் நூல் விலையில் பாதிக்கு எந்தக் கடைக்காரரும் புடவை தரமாட்டார்.

எல்லாப் பொருளிலும் இப்படி உனக்கு அடக்க விலை தெரிந்திருக்காது. செருப்பு, கைக்கடிகாரம், சமையல் மிக்ஸி என்று வந்தால் எனக்கும் தெரியாது. அதனால் விலையை மட்டும் நம்பி உட்கார முடியாது. கொஞ்சம் விவரமான மோசடிக்காரன் பாதி விலைதான் போடுவான், அப்போது சந்தேகமே வராது.

நீ எழுதியிருந்தாய்: "கடை உண்மையான கடை சித்தப்பா, லோகோ அதேதான், புடவை கட்டியிருக்கிற நடிகையும் அவங்க விளம்பரத்துல வர்றவங்கதான்." எல்லாம் சரிதான். கடையும் படமும் புடவையும் உண்மை. அந்தக் கடையின் சொந்தப் பக்கத்திலிருந்து அப்படியே வெட்டி எடுத்திருக்கிறான். முன்பெல்லாம் போலி விளம்பரத்தில் எழுத்துப்பிழை மலிந்திருக்கும், ஒற்றெழுத்து விழுந்திருக்கும், படித்ததுமே சிரிப்பு வரும். இப்போது கம்ப்யூட்டரே நல்ல தமிழ் எழுதிக் கொடுத்துவிடுகிறது. குரலையும் முகத்தையும்கூடச் செய்துவிடுகிறார்கள். 2024 ஜனவரியில் சச்சின் டெண்டுல்கர் ஒரு விளையாட்டு ஆப்பைப் புகழ்வது போலவும், தன் மகளே அதில் சம்பாதிக்கிறாள் என்று சொல்வது போலவும் ஒரு வீடியோ சுற்றியது. அது போலி என்று அவரே வெளியே வந்து சொல்ல வேண்டியதாயிற்று. ஆகவே விளம்பரத்தின் முகத்தைப் பார்த்து எதையும் தீர்மானிக்காதே.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி உங்கள் தெரு வழியாகத்தான் கிரிவலக் கூட்டம் போகிறது. அன்னதானத்துக்கு என்று ரசீதுப் புத்தகத்தோடு நிற்கிறவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறாய். யார் நிஜமாக அடுப்பு மூட்டிச் சோறு போடுகிறவர், யார் புத்தகம் மட்டும் வைத்திருக்கிறவர் என்று உங்கள் அப்பா எப்படிக் கண்டுபிடிப்பார்? திருநீற்றையும் காவியையும் பார்த்தா? "எந்த மடம், அடுப்பு எங்கே எரியுது, ரசீதுல யார் பேர் போட்டிருக்கு" என்று கேட்பார். போனிலும் கேட்க வேண்டியவை அவைதான்.

நான் கேட்டுப் பார்த்ததைச் சொல்கிறேன்.

பக்கத்தின் பெயரில் கடைப் பெயருக்குப் பின்னால் "ஆஃபீஷியல் சேல்" என்று ஒட்டியிருந்தது. பேஸ்புக்கில் எந்தப் பக்கத்துக்கும் "பேஜ் டிரான்ஸ்பரன்சி" என்று ஒரு பகுதி உண்டு. பக்கம் எப்போது தொடங்கியது, முன்பு என்ன பெயரில் இருந்தது, நிர்வகிக்கிறவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் தெரியும். இன்ஸ்டாகிராமில் மூன்று புள்ளியைத் தொட்டால் "அபவுட் திஸ் அக்கவுன்ட்" வரும். உன் பட்டுக்கடை தொடங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்குள் பெயர் இரண்டு முறை மாறியிருக்கிறது. முதலில் கிரிக்கெட் ரசிகர் பக்கமாம், பிறகு முடி வளர்க்கிற எண்ணெயாம். தலைமுறை தலைமுறையாக ஜவுளி விற்கிற கடைக்கு இப்படி ஒரு பூர்வ ஜென்மம்!

பெயருக்குப் பக்கத்தில் நீல டிக் இருந்தால் மட்டும் நம்பலாமா என்று கேட்பாய். 2023 ஜூனிலிருந்து இந்தியாவில் அந்த டிக்கை மாதச் சந்தா கட்டியே வாங்கலாம். தொடங்கியபோது போனில் 699 ரூபாய். அடையாள அட்டை கேட்கிறார்கள்தான். ஆனாலும் பிரபலங்களுக்கு மட்டும் கிடைத்த காலத்து மதிப்பு இன்றைய டிக்குக்குக் கிடையாது.

அடுத்தது இணைய முகவரி. இதை நிதானமாகப் படி, ஆயுசுக்கும் உதவும். தளப் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டு வருவதை விட்டுவிட்டு, முகவரியைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். கடைசியில் டாட் இன், டாட் காம், டாட் கவ் டாட் இன் என்று முடிகிற இடத்துக்கு உடனே முன்னால் என்ன இருக்கிறதோ அதுதான் உரிமையாளரின் பெயர். அதற்கும் முன்னால் யாரும் எதையும் எழுதிக்கொள்ளலாம். 2023 ஏப்ரலில் திருப்பதி தேவஸ்தானம் ஒரு போலி இணையதளத்தின் மேல் போலீஸில் புகார் கொடுத்தது. அப்போதைய அசல் முகவரி, திருப்பதி பாலாஜி டாட் ஏபி டாட் கவ் டாட் இன். போலி, திருப்பதி பாலாஜி, ஹைபன், ஏபி, ஹைபன், கவ், டாட் ஆர்க். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் குறுக்குக் கோடு, கடைசியில் இன் இருக்க வேண்டிய இடத்தில் ஆர்க். அவ்வளவுதான் வித்தியாசம். கவ் டாட் இன் என்று முடிகிற முகவரியை அரசு அமைப்புகளைத் தவிர யாரும் வாங்க முடியாது. ஆர்க் என்று முடிவதைக் காசு கட்டுகிற எவரும் வாங்கலாம். அதற்கு முன்பே நாற்பது போலித் தளங்களைப் பிடித்திருந்தார்கள், இது நாற்பத்தொன்றாவது. ஏழுமலையானுக்கே இந்த நிலைமை.

நம் அண்ணாமலையார் கோயிலுக்கும் இது பொருந்தும். தீபத்தன்று ஆன்லைன் டிக்கெட் என்று வெளியூர்க்காரர்கள் உங்கள் வீட்டில் கேட்டால், அறநிலையத்துறையின் முகவரி எச்ஆர்சிஇ டாட் டிஎன் டாட் கவ் டாட் இன் என்று முடியும் என்று சொல்லு. அப்படி முடியாத இடத்தில் பணம் கட்ட வேண்டாம் என்று சொன்னால் போதும்.

எழுத்தை மாற்றி ஏமாற்றுகிற வேலையும் உண்டு. 2018-ல் அடிடாஸ் கம்பெனி ஆண்டுவிழாவுக்கு ஆயிரக்கணக்கான ஜோடி ஷூவை இலவசமாகத் தருகிறது என்று உலகம் பூராவும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஓடியது. அந்த முகவரியில் ஐ என்ற ஆங்கில எழுத்தின் மேல் புள்ளி இல்லை. சின்னத் திரையில் யார் கண்ணுக்குத் தெரியும்? 2021-ல் வந்த இன்னொன்று இதைவிட வேடிக்கை: "அமேசான் 30-ஆம் ஆண்டு விழா, எல்லோருக்கும் பரிசு." அமேசான் தொடங்கியதே 1994-ல். 2021-க்கு முப்பது எப்படி வரும்? கழித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, நாலு பெட்டியைத் தொட்டுப் பரிசை "ஜெயித்து", அதை வாங்குவதற்காக எல்லாக் குழுவுக்கும் அனுப்பினார்கள். நம் சொந்தக்காரர் குழுவில் இதைப் போன்ற ஒன்றை யார் போட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். உனக்கே தெரியும்.

சரி, உன் கடைக்கு வருகிறேன். முகவரி கடைப் பெயர், ஹைபன், சேல், டாட் ஷாப் என்று முடிந்தது. தளத்தின் அடிப்பகுதிக்குப் போனேன், எல்லோரும் போகாமல் விடுகிற இடம் அது. 2020-ல் வந்த மின் வணிக விதிகளின்படி ஆன்லைனில் விற்கிறவர் தன் சட்டபூர்வமான பெயர், தலைமையக முகவரி, குறைகேட்பு அதிகாரியின் பெயர் எல்லாம் போட்டிருக்க வேண்டும். புகார் வந்து 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இங்கே இருந்தது ஒரு ஜிமெயில் முகவரியும் வாட்ஸ்அப் எண்ணும். "திரும்பப் பெறும் கொள்கை" என்ற பக்கத்தில் மூன்றாவது பாராவில் வேறு ஏதோ நாய்த் தீனிக் கடையின் பெயர் அப்படியே நிற்கிறது. காப்பி அடித்தவன் மாற்ற மறந்துவிட்டான். ஜிஎஸ்டி எண் என்று ஒன்று போட்டிருந்தான். எண்ணிப் பார்த்தேன், பதினான்கு எழுத்து. ஜிஎஸ்டி எண்ணுக்குப் பதினைந்து எழுத்து உண்டு, தமிழ்நாட்டில் பதிவு செய்ததென்றால் 33 என்று தொடங்கும். அரசின் ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று யாரும் பார்க்கலாம். அசல் கடையின் எண்ணையே திருடிப் போடுகிற ஆளும் இருக்கிறான் என்பதால் எண் சரியாக இருந்தால் மட்டும் சந்தோஷப்பட்டுவிடாதே.

பக்கத்தில் ஒரு கடிகாரம், 09:59, 09:58 என்று இறங்கிக்கொண்டே இருந்தது. மூடிவிட்டு மறுபடி திறந்தேன். மறுபடியும் பத்து நிமிஷத்திலிருந்து.

கடைசியாகப் பணம் கட்டுகிற இடம் வரை போனேன், கட்டாமல். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ததும் யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. 2025 ஜூன் 30-க்குள் எல்லா யுபிஐ ஆப்பும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரைத்தான் காட்ட வேண்டும் என்று தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் உத்தரவு போட்டது. அதனால் பின் நம்பர் போடுவதற்கு முன்னால் திரையில் வருகிற அந்தப் பெயரை ஒரு முறை வாய்விட்டுப் படி. மாடி மேல் மாடி கட்டின ஜவுளிக்கடைக்குப் போகிற பணம் ஏன் ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்குக்குப் போகிறது?

"கேஷ் ஆன் டெலிவரி போட்டா பயமில்லையே" என்று நீ சொல்வது காதில் விழுகிறது. பயம் உண்டு. பெட்டியைப் பிரிக்கும் முன் பணம் கொடுத்தாக வேண்டும், கூரியர் பையனுக்கு உள்ளே இருப்பது தெரியாது, அவனைப் பிடித்து வைத்தும் பிரயோஜனமில்லை. இந்தப் பேர்வழிகளில் கெட்டிக்காரர்கள் காலிப் பெட்டி அனுப்பமாட்டார்கள். இருநூறு ரூபாய் பாலியஸ்டர் புடவை ஒன்றை அனுப்பிவிடுவார்கள். போலீஸுக்குப் போனால், "பொருள் வந்துச்சுல்ல, தரம் சரியில்லைன்னா நுகர்வோர் கோர்ட்டுக்குப் போம்மா" என்று பதில் வரட்டும் என்பதற்காகத்தான். 999 ரூபாய்க்கு எத்தனை பேர் கோர்ட் படி ஏறுவார்கள்? அவன் தொகையைச் சின்னதாக வைத்திருப்பதே அந்தக் கணக்கில்தான். அப்படி ஒரு புடவை கைக்கு வந்தால் முந்தானை ஓரத்து நூல் இரண்டைப் பிடுங்கி நெருப்பில் காட்டு. பட்டு என்றால் முடி கருகுகிற வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகி உருண்டையாக நிற்கும்.

பேஸ்புக் இவ்வளவு பெரிய கம்பெனி, இதை எப்படி விளம்பரமாக ஏற்றுக்கொண்டது? நீ கேட்ட கேள்விகளிலேயே நல்ல கேள்வி இதுதான். "ஸ்பான்சர்டு" என்ற சொல்லுக்குக் காசு கட்டியிருக்கிறான் என்பதைத் தவிர வேறு அர்த்தமில்லை. 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், பேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் வைத்திருக்கிற மெட்டாவின் உள் ஆவணங்களைப் பார்த்து எழுதியது. 2024 வருமானத்தில் சுமார் பத்து சதவீதம், அதாவது 1,600 கோடி டாலர், மோசடி விளம்பரங்களிலிருந்தும் தடை செய்த பொருள்களின் விளம்பரங்களிலிருந்தும் வரும் என்று அந்தக் கம்பெனியே உள்ளுக்குள் கணக்குப் போட்டிருந்ததாம். விளம்பரதாரர் மோசடிக்காரர் என்று 95 சதவீதம் உறுதியானால்தான் தடை. அதற்குக் குறைந்த சந்தேகம் என்றால் விளம்பரக் கட்டணத்தைக் கூட்டுவார்களாம். அந்த மதிப்பீடு தோராயமானது, நல்ல விளம்பரங்களையும் சேர்த்துப் போட்ட மிகையான கணக்கு என்று மெட்டா மறுத்தது. இருக்கட்டும். சந்தேகப்பட்ட ஆளிடம் கூடுதல் காசு வாங்கிக்கொண்டு உள்ளே விடுவதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குப் புரியவில்லை.

அதே செய்தியில் உனக்கு வேண்டிய இன்னொரு விஷயம். இப்படிப்பட்ட விளம்பரத்தைத் தொட்டுப் பார்க்கிறவர்களுக்கு அதே மாதிரி விளம்பரங்களை மேலும் மேலும் காட்டும்படிதான் அந்த ஏற்பாடு இயங்குகிறது. நீ அந்தப் புடவையை நாலு முறை திறந்து பார்த்திருப்பாய். இந்த வாரம் உன் போனில் பட்டு மழைதான். பயப்படாதே, ஒவ்வொன்றையும் மூன்று புள்ளியைத் தொட்டு ரிப்போர்ட் செய், மறைத்துவிடு.

இனி என்ன செய்வது என்றால், விளம்பரம் பிடித்திருந்தால் பார், ரசி, மூடிவிடு. அதன் வழியாகக் கடைக்குள் போகாதே. கடையின் பெயரை நீயே தட்டிச் சொந்தத் தளத்துக்குப் போ, அங்கே அந்தச் சலுகை இருந்தால் வாங்கு. கடைக்குக் கிளை இருந்தால் போன் போட்டுக் கேள். அந்த எண்ணைப் பழைய பில்லிலிருந்தோ கட்டைப் பையிலிருந்தோ எடு. கூகுளில் "கஸ்டமர் கேர்" என்று தேடி முதலில் வருவதைக் கூப்பிடாதே, அங்கேயும் காசு கட்டி முன்னால் உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். மெட்டாவின் விளம்பர நூலகத்தில் கடைப் பெயரைத் தேடினால் எந்தெந்தப் பக்கம் அந்தப் பெயரில் விளம்பரம் ஓட்டுகிறது என்று வரிசையாகத் தெரியும். உன் கடைக்குத் தேடினேன். அசல் பக்கம் ஒன்று, ஒட்டுப் பக்கம் ஏழு.

தீபத்துக்கு நீங்கள் மாடி அறைகளை வாடகைக்கு விடுகிறீர்களே, அந்த விஷயத்திலும் கொஞ்சம் கண் வை. 2025 ஏப்ரலில் மத்திய உள்துறையின் சைபர் குற்றத் தடுப்பு மையம் யாத்திரை போகிறவர்களைக் குறிவைக்கிற போலி முன்பதிவுத் தளங்களைப் பற்றி எச்சரித்தது. கேதார்நாத் ஹெலிகாப்டர், சார்தாம் விடுதி, சோம்நாத் விருந்தினர் இல்லம் எல்லாம் அதில் வந்தன. அங்கே நடப்பது இங்கே நடக்க எவ்வளவு நேரமாகும்? உங்கள் வீட்டுத் திண்ணையையும் மொட்டை மாடியிலிருந்து தெரிகிற மலையையும் நீ இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறாய். யாராவது அந்தப் படத்தை எடுத்துத் தன் க்யூஆரைப் போட்டு முன்பணம் வாங்கிவிட்டால், தீபத்தன்று குழந்தை குட்டியோடு வந்து உங்கள் வாசலில்தான் சண்டை போடுவார்கள். உன் பக்கத்தில் "முன்பணம் இந்தப் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும்" என்று அப்பா பெயரைப் போட்டு ஒரு வரி எழுதி மேலே பின் பண்ணி வை.

உன் தோழி ஒருத்தி ஏற்கெனவே பணம் கட்டிவிட்டாள் என்று எழுதியிருந்தாய். அவளிடம் உடனே சொல், நாளைக்கு என்று வைக்க வேண்டாம். சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் போட வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் கொஞ்சமாவது திரும்பும். யுபிஐ ரசீதில் இருக்கிற பன்னிரண்டு இலக்க எண் கையில் இருக்கட்டும். விளம்பரம், பக்கம், தளம், பேச்சு எல்லாவற்றையும் அவை காணாமல் போவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுக்கட்டும். அப்புறம் தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார். பொருள் வந்து தரம் மோசம் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. பின் நம்பரை அவளே போட்டதால் வங்கி தன் கையிலிருந்து கட்டாயம் ஈடு கட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். "உங்க பணத்தைத் திருப்பித் தர்றோம், இந்த ஆப்பை இறக்குங்க" என்று இரண்டு நாளில் ஒருவன் கூப்பிடுவான். முதல் ஆளின் கூட்டாளி அவன், அல்லது அவனேதான். வீட்டில் திட்டுவார்களே என்று அவள் ஒளிக்கிறாள் என்றால், அவள் அப்பாவிடம் நான் பேசுகிறேன், எண்ணை அனுப்பச் சொல்.

புடவைக்கு வருவோம். உன்னிடம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று எனக்கு மட்டும் எழுது. கோ-ஆப்டெக்ஸில் பண்டிகை நேரத்தில் முப்பது சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. அவர்களுடைய கனவு நனவுத் திட்டத்தில் மாதாமாதம் கட்டியும் எடுக்கலாம், ஆனால் அதற்கு இப்போது நாளில்லை. நேரில் பார்த்து எடுக்கலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை போளூர் வழியாக வருகிற பஸ்ஸைப் பிடி. அம்மாவிடம் தோழி வீட்டுக்கு என்று சொல்லாதே, சித்தி கூப்பிட்டாள் என்று சொல், பொய்யாக இருக்காது, அவளும் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள். ஆரணியில் எனக்குத் தெரிந்த நெசவாளர் வீடு ஒன்றில் தறியிலிருந்து இறக்கிய புடவை நாலைந்து இருக்கிறது. சில்க் மார்க் வில்லை தொங்குகிறதா என்று நீயே பார்த்து எடு. அம்மாவுக்கு மயில் கழுத்து நிறம் பிடிக்கும் என்று ஞாபகம், சரிதானா என்று கேட்டு வை. அந்தப் புடவைகளில் அந்த நிறம் இல்லையென்றால் ராமர் பச்சைதான் கிடைக்கும்.

அன்புடன்,
உன் சித்தப்பா,
ஆரணி.